வேதம் ஓதும் ராகத்தில் ஒரு புதுப் பிரார்த்தனை

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்தேன். பல வருடமாகத் தள்ளியும் போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைவிட, இது என் சமயத்துக் கதையும் அல்ல. இன்னொரு சனத்தின் வழிபாட்டு வீட்டில் கதவுத் திறப்புக் கோர்வையோடு நின்றவன், அங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்லலாமா என்று மனம் உறுத்தியது. காலையில் திருநீறு பூசிக்கொண்டு சுவாமி அறையில் நிற்கும்போது "இன்றைக்கு எழுதுவோம்" என்பேன். பின்னேரமானால் "எனக்கென்ன தகுதி" என்பேன். இப்படியே ஓய்வூதியமும் வந்துவிட்டது.

அண்மையில் எங்கள் தமிழ் மன்ற மண்டபத்தில் ஒரு வாக்குவாதம். ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவர்களுக்காகத் தான் எழுதிய சில வரிகளைத் தேவாரப் பண்ணில் பாடலாமா என்று ஒரு பெண் கேட்டாள். பாடலாம் என்றார்கள் பாதிப்பேர். அபசாரம் என்றார்கள் மற்றப் பாதி. என் மனைவி தேவி என் முழங்கையில் இடித்து, "இஞ்சேருங்கோ, ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறியள்? உங்கட யூதர் வீட்டுக் கதையைச் சொல்லுங்கோவன்" என்றாள். அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு நா எழவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். யூதர் வீட்டுப் பேச்செல்லாம் ஜெர்மன் மொழியில் நடந்ததுதான். ஆனால் என் தலைக்குள் அது எங்கள் தமிழாகவே கிடக்கிறது. கிடக்கிறபடியே தருகிறேன்.

ஊர்ச் சண்டைக்குத் தப்பி ஜெர்மனிக்கு அகதியாக வந்தவன் நான். உணவகத்தில் கோப்பை கழுவினேன், பிறகு ஒரு துப்புரவுக் கம்பனியில் நின்றேன். ஹனோவருக்குப் பக்கத்து நகரமொன்றில் யூதர்களின் சிறிய ஜெபாலயத்துக்கு ஹவுஸ்மைஸ்டர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஹவுஸ்மைஸ்டர் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். கதவு, விளக்கு, ஹைட்சுங் என்கிற சூடாக்கி, கதிரை, கூட்டுதல், துடைத்தல் எல்லாம் அவன் தலையில். நேர்முகத்துக்குப் போன அன்று நெற்றியில் திருநீறு இருந்தது. வாசலில் அதை அழிக்கக் கையைத் தூக்கினேன். கதவைத் திறந்த அம்மா, "அழிக்காதேங்கோ. இது கும்பிடுற இடந்தானே" என்றார். அவர்தான் ஃபிரௌ பெர்க், எங்கள் வழக்கில் திருமதி பெர்க்.

அவர் அங்கே கன்டோரின். பிரார்த்தனையைப் பாடி நடத்துபவர். ஓதுவாரும் குருக்களும் பாதிப்பாதி சேர்ந்த வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சபை பெண்கள் முன்னின்று நடத்துவதை ஏற்றுக்கொண்ட சபை. எனக்குச் சம்பளக் கடதாசியில் கையெழுத்து வைத்தது வேறு ஆள். ஆனால் என் மேலாள் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

எனக்கு முன் இருந்த போலந்துக்காரர் கொஞ்ச நாள் கூட நின்று பழக்கினார். குசினியில் பால் பாத்திரம் வேறு, இறைச்சிப் பாத்திரம் வேறு. "குழப்பினால் தொலைஞ்சாய்" என்றார். எங்கள் வீட்டில் விரதச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு. எனக்கு அது ஒரு பாடமாகவே இல்லை. சனிக்கிழமைகளில் மின்விளக்கு ஆளியைத் தொடாத ஆட்கள் சிலர் உண்டு. அவர்கள் வாயால் கேட்கும்படி வைக்காமல் வெள்ளிக்கிழமையே விளக்குகளை நேரக்கணக்கில் பொருத்திவிட வேண்டும். இவ்வளவுதான் என் படிப்பு.

ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்குத் தேர் பார்க்க ரெயினில் போகும்போது எங்கள் பெடியன் ஒருவன் பகிடி விடுவான்: "என்ன அண்ணை, சைவக்காரன் போய் யூதருக்கு மணி அடிக்கிறியளாம்?"

"அங்க மணி இல்லையடா தம்பி. சத்தம் முழுக்க மனிசற்ற வாயில இருந்துதான்."

அது பகிடிக்குச் சொன்ன பதில்தான். உண்மையும் அதுவே. சனிக்கிழமை காலையில் வேதத்தை எடுத்து வாசிப்பார்கள். அது புத்தகம் அல்ல, தோலில் கையால் எழுதிய சுருள். அதில் எழுத்து மட்டும் இருக்கும். எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது, எங்கே குரலை ஏற்றுவது என்று ஒரு குறிகூட இருக்காது. அந்தக் குறிகள் அச்சுப் புத்தகத்தில்தான் உண்டு. ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெயர், ஒரு சின்ன ராகத்துண்டு. வாசிப்பவர் கிழமை முழுக்கப் புத்தகத்தைப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமை வெறும் சுருளுக்கு முன்னால் நிற்பார். விரல் தோலில் படக்கூடாது என்று வெள்ளிக் கோல் ஒன்றால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் போவார்.

அவருக்குப் பக்கத்தில் ஒருவர் புத்தகத்தோடு நிற்பார். திருத்துபவர். ஒரு சொல் தவறினால் போதும், மடக்கிய விரல் மொழியால் மேசையில் ஒரு தட்டு, சரியான சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுப்பார். வாசிப்பவர் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போய் மறுபடி வாசிக்க வேண்டும். யாரும் வெட்கப்பட மாட்டார்கள். வேதத்தில் ஒரு சொல்லும் விழக்கூடாது, அவ்வளவுதான். இந்த மரியாதை வேத வாசிப்புக்கு மட்டும். சாதாரணப் பிரார்த்தனையில் கன்டோரின் தடுமாறினால் யாரும் தட்ட மாட்டார்கள்.

எங்கள் இடத்தில் திருத்துபவர் ஹெர் ரைஸ்மான். ஹெர் என்றால் திரு. எண்பதை நெருங்கிய மனிதர், உக்ரைன் பக்கம், முன்னாள் பால எஞ்சினியர். பிறந்த நாட்டில் சமயம் படிக்க வழியில்லை. இங்கே வந்து, தலை நரைத்த பிறகு, கசெட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டுத்தான் அந்த ராகங்களைப் பிடித்தார். பிந்திப் படித்தவருக்குக் கண்டிப்புக் கூட. ஒரு சொல் தவறவிட்டவர்களை வாசிப்பு முடிந்ததும் தேத்தண்ணி மேசையில் பிடிப்பார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "கண் எங்க போனது?"

வியாழக்கிழமைகளில் அவர் வந்து குசினியில் என்னோடு இருப்பார். அப்படி ஒருநாள் ஃபிரௌ பெர்க்கும் வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். பேச்சு சவக்காலைகள் பற்றிப் போனது. யூதர்கள் கல்லறைக்குப் போனால் பூ வைப்பதில்லை, ஒரு சின்னக் கல் வைப்பார்கள். வந்து போனதற்கு அடையாளம். ஹெர் ரைஸ்மான் சீனிக் கட்டியை வாய்க்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "என்ர அப்பாவை ஊருக்கு வெளியில ஒரு பள்ளத்தில சுட்டுப் போட்டாங்கள். நான் அப்ப கைக்குழந்தை. எந்தப் பள்ளம் எண்டு அம்மாவுக்கும் தெரியாது. ஆருக்கும் கல்லு வைப்பன், அவருக்கு வைக்க இடமில்லை."

நான் சும்மா இருந்திருக்கலாம். "என்ர தம்பிக்கும் இல்லை, ஹெர் ரைஸ்மான். சண்டையில காணாமல் போனவன். அந்தியேட்டிக் கிரியை செய்யிறதோ விடுறதோ எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கோப்பைக்குள் தன் சீனிக் கட்டி ஒன்றைப் போட்டார்.

ஃபிரௌ பெர்க் அன்றிலிருந்து ஒரு பிரார்த்தனை எழுதத் தொடங்கினார். அதற்கு இடமும் இருந்தது. யோம் கிப்பூர் என்ற பெரிய உபவாச நாளில், மதியம் கடந்து, இறந்தவர்களை நினைக்கும் பகுதி ஒன்று வரும். தாய் தகப்பன் உயிரோடு இருப்பவர்கள் அந்த நேரம் வெளியே போய்விடுவது வழக்கம். உள்ளே நிற்பவர்கள் இழந்தவர்கள். அந்தப் பகுதியின் முடிவில் புதுப் பிரார்த்தனை ஒன்றைச் சேர்க்கச் சபை சம்மதித்தது. ஜெர்மனில் எழுதினார். எனக்கும் வாசித்துக் காட்டினார். என் தமிழில் இப்படி வரும்:

பெயர் தெரிந்தும் நாள் தெரியாதவர்களுக்காக,
நாள் தெரிந்தும் இடம் தெரியாதவர்களுக்காக,
கல் வைக்க ஓரிடம் இல்லாதவர்களுக்காக,
நாங்கள் இன்று வாசிக்கிறோம்.

இன்னும் வரிகள் உண்டு. மையம் இதுதான். ஜெர்மனில் முதல் மூன்று வரிகளும் ஒரே சொல்லில் தொடங்கும்.

எழுதி முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கியது. இதைப் பாட்டாகப் பாட அவர் விரும்பவில்லை. வேதம் ஓதும் அந்தக் குறிகளை வைத்தே ஓத விரும்பினார். "எங்கட சனம் அந்த ராகத்தைக் கேட்டால் நிமிர்ந்து இருக்கும், ஹெர் சிவா. செத்த நாளில இந்த ஆக்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் வாசிக்கேல்லை. இப்பவாவது வாசிச்சமாதிரி இருக்கோணும்."

மண்டபத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடப்பார். ஒரு மூச்சுக்கு, சனம் இருக்கும் வாங்கு வரிசை ஒன்றைத் தாண்டுவார். மூச்சு முடிந்த இடத்தில் நின்று பென்சிலால் கோடு. முதலில் ராகமே இல்லாமல், பேசுவதுபோல் சொல்லிப் பார்ப்பார். எங்கே பெரிய நிறுத்தம், எங்கே சின்ன நிறுத்தம் என்று கண்டுபிடித்த பிறகுதான் சொல்லுக்கு மேல் குறி வைப்பார். எபிரேயச் சொல் பெரும்பாலும் கடைசியில் அழுந்தும், ஜெர்மன் சொல் முன்னால் அழுந்தும். அந்த ராகத்தை இந்தச் சொல்லில் போட்டால் இடது காலில் வலதுகாற் சப்பாத்துப் போட்டதுபோல் இருக்கும் என்பார். ஒரு சொல்லுக்காக ஒரு காலை முழுவதும் நடந்ததைக் கண்டிருக்கிறேன். யாரையும் "பிழை" என்று சொல்லாத மனிதர், தன்னையும் சொல்ல மாட்டார். "எனக்காக இன்னொருக்கால்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்ப நடப்பார்.

அதே குறி வேதத்தில் ஒரு மாதிரியும், தீர்க்கதரிசிகளின் வாசிப்பில் வேறு மாதிரியும், நகரம் அழிந்ததைப் புலம்பும் புலம்பலில் இன்னொரு மாதிரியும் பாடப்படும். யோம் கிப்பூர் போன்ற பெருநாட்களின் வேத வாசிப்புக்கென்றே தனி ராகம் ஒன்று உண்டு. ஃபிரௌ பெர்க் அதை எடுத்தார். கல் வைக்க ஓரிடம் இல்லாதவர்கள் என்ற வரியில் மட்டும் ராகம் கீழே இறங்கிப் புலம்பலுக்குள் போய்த் திரும்பி வரும். அப்படிச் செய்ய முன்மாதிரி இருக்கிறதாம். மகிழ்ச்சியான ஒரு நாளில் வாசிக்கும் சுருளில்கூட, துக்கம் வரும் சில வசனங்களைப் புலம்பல் ராகத்தில் ஓதுவார்களாம்.

ஒருநாள் நான் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஹெர் சிவா, இப்ப என்ன பாடினனீங்கள்?"

"தெரியாது ஃபிரௌ பெர்க். வாயில வந்தது."

"அது என்ர. நேற்றைக்குச் செய்தது."

எனக்குச் சந்தோஷம். "அப்ப நல்லா வந்திட்டுது போல?"

"இல்லை. ஒரு நாளில துடைப்பத்தில ஒட்டிச்செண்டால் அது பாட்டாப் போச்சு. சொல்லை மறந்திட்டு ராகத்தை மட்டும் நீங்கள் முணுமுணுக்கிறியள். வாசிப்பு எண்டால் சொல்லை விட்டிட்டுப் பாட ஏலாது." கடதாசியை மடித்துக் குப்பை வாளிக்குள் போட்டார். "மன்னிப்புக் கேக்காதேங்கோ. நல்ல உதவி."

அதன் பிறகு நான் வாயைக் கட்டிக்கொண்டு துடைத்தேன். அவர் விடவில்லை. "பாடுங்கோ, பாடுங்கோ, எனக்குச் சோதனை செய்ய ஆள் வேணும்" என்று பின்னால் திரிந்தார்.

ஹெர் ரைஸ்மானுக்கு விஷயம் தெரிந்தபோது மண்டபத்தில் நான் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கடதாசியைப் பார்த்தார். சொற்களுக்கு மேலிருந்த குறிகளைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"இது நல்ல எழுத்து. ஆனால் இந்தக் குறியளை எடுங்கோ."

"ஏன் ஹெர் ரைஸ்மான்?"

"நான் கிழவனாப் போய்த்தான் இந்த ராகத்தைப் பிடிச்சனான். இதைக் கேட்டால் என்ர காது இது வேதம் எண்டு நம்பும். நீங்கள் குசினி மேசையில இருந்து எழுதினது வேதமோ? காதை ஏமாத்தக் கூடாது."

"ஏமாத்த இல்லை. அந்த மனிசருக்கும்..."

"பாட்டாப் பாடுங்கோ, முன்னுக்கு நிண்டு கேக்கிறன். அழுது பேசுங்கோ, கேக்கிறன். இதைக் கேக்க ஏலாது."

அவர் போன பிறகு நான் ஃபிரௌ பெர்க்கிடம் சொன்னேன்: "அவருக்குச் சொல்லுங்கோவன். அவற்ற அப்பாவை நினைச்சுத்தானே எழுதினீங்கள். தெரிஞ்சால் மனம் இளகும்."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "சொன்னால் மரியாதைக்கு உள்ள இருப்பார். மரியாதைக்கு இருந்து கேக்கிறது பிரார்த்தனை இல்லை, ஹெர் சிவா. நீங்களும் சொல்லாதேங்கோ."

நான் சொல்லவில்லை. குறிகளை அவர் எடுக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க அவர் நடந்த நடையில் வாங்கு வரிசைகள் தப்பின. யாருக்காக எழுதினாரோ அந்த மனிதர் கேட்க மாட்டேன் என்கிறார். கோயிலுக்கு மாலை கட்டிக்கொண்டு போய், நடை சாத்தியிருக்கக் கண்டவர்போல் இருந்தார்.

முதல் வருட யோம் கிப்பூர் வந்தது. வெள்ளை உடுப்பு, தோல் சப்பாத்து இல்லை, தண்ணீர்கூட இல்லாத நாள். அன்று என் இடம் முன்மண்டபத்துக் கதவடி. நினைவுப் பகுதி தொடங்கியதும் பெற்றோர் உள்ள இளம் ஆட்கள் வெளியே வந்து குசுகுசுத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஹெர் ரைஸ்மான் தன் தகப்பனுக்கான வழக்கமான வேண்டுதலை முடித்தார். ஃபிரௌ பெர்க் புதுக் கடதாசியை விரித்தார். கதவு திறந்தது. கோட்டும் சூட்டும் துணிச் சப்பாத்துமாக ஹெர் ரைஸ்மான் வெளியே வந்து, இளம் ஆட்களோடு நின்றார்.

ஒரு பெண் பிள்ளை பகிடியாகக் கேட்டுவிட்டாள்: "ஹெர் ரைஸ்மான், உங்கட அப்பா அம்மா இன்னும் இருக்கினமோ?" கேட்ட பிறகு நாக்கைக் கடித்தாள்.

அவர் கோபிக்கவில்லை. "கிழவன் வெளியில வர ஆயிரம் காரணம் இருக்கும் பிள்ளை. பெரும்பாலும் மூத்திரம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கழிப்பறைக்குப் போகவில்லை. சுவரில் தொங்கிய தீயணைப்புக் குடுவைக்கு முன்னால் போய் நின்று, அதில் எழுதியிருந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்தார். உள்ளேயிருந்து ராகம் வந்துகொண்டிருந்தது.

அடுத்த வருடமும் அப்படியே. கடதாசி விரியும்போது அவர் வெளியே வருவார். இடையில் சண்டை எதுவும் இல்லை. சனிக்கிழமைகளில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்பார்கள், அவர் மேசையில் தட்டுவார், இவர் திரும்ப வாசிப்பார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. வீட்டில் தேவாரம் பாடி முடித்ததும் அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொஞ்ச விபூதி கூட எடுத்துப் பூசுவேன். தேவி கேட்பாள், "இதென்ன, நெற்றி வெள்ளையடிச்ச சுவர் மாதிரி?"

அதற்கடுத்த வருடம் வெக்கையான நாள். மண்டபத்துக்குள் புழுக்கம். ஃபிரௌ பெர்க் காலையிலிருந்து நின்று பாடி, குரல் கட்டிப்போய் நின்றார். கடதாசி விரிந்தது. ஹெர் ரைஸ்மான் எழுந்து வந்தார். ஆனால் கதவைத் திறந்தவர் வெளியே வரவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கதவை முதுகால் பிடித்துக்கொண்டு, "காத்து வேணும்" என்றார் என்னிடம். நான் கேட்காமலே சொன்னார்.

ஃபிரௌ பெர்க் ஓதத் தொடங்கினார். பெயர் தெரிந்தும் நாள் தெரியாதவர்கள் வந்தார்கள். நாள் தெரிந்தும் இடம் தெரியாதவர்கள் வந்தார்கள். அடுத்து, "நாங்கள் இன்று வாசிக்கிறோம்" என்று போய்விட்டார். மூன்று வரியும் ஒரே சொல்லில் தொடங்குவதால் களைத்த கண் ஒன்றைத் தாண்டிவிட்டது. உள்ளே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் யார் சொல்வார்கள், அது பிரார்த்தனைதானே.

கதவு நிலையில் ஒரு தட்டு கேட்டது. விரல் மொழியால், ஒரே ஒரு தட்டு.

ஹெர் ரைஸ்மான் என்னைப் பார்க்கவில்லை, உள்ளேயும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, விழுந்துபோன வரியின் முதல் சொற்களை எடுத்துக் கொடுத்தார். பேசவில்லை, ஓதினார். ராகம் இறங்க வேண்டிய இடத்தில் அவருடைய உடைந்த குரலும் இறங்கியது. வெளியில் நின்ற ஆளின் காது இரண்டு வருடமும் உள்ளேதான் நின்றிருக்கிறது.

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஃபிரௌ பெர்க் தலை நிமிரவில்லை. சனிக்கிழமைகளில் செய்வதுபோலவே, விட்ட வரிக்குத் திரும்பிப் போனார். கல் வைக்க ஓரிடம் இல்லாதவர்களுக்காக என்று முழுதாக ஓதினார். பிறகு மற்றதை ஓதி முடித்தார். என் தம்பி பெயரை நான் கதவடியில் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முருகா என்றும் சொன்னேன். அங்கே சொல்லக்கூடாது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

நட்சத்திரம் கண்டு உபவாசம் முடித்ததும் குசினியில் பாணும் உப்பு மீனும் தேத்தண்ணியும். ஹெர் ரைஸ்மான் தட்டோடு ஃபிரௌ பெர்க் முன்னால் வந்து நின்றார்.

"ஃபிரௌ பெர்க், கண் எங்க போனது?"

"பசி, ஹெர் ரைஸ்மான்."

"பசி எல்லாருக்குந்தான். இன்னொண்டு. கீழ இறங்கிற அந்த இடத்தில அவசரப்படுறியள். அது அவசரப்படுற இடமில்லை." சொல்லிவிட்டு மீன் துண்டு இன்னொன்று எடுத்துக்கொண்டு போனார். ஃபிரௌ பெர்க் சுவர்ப் பக்கம் திரும்பிக் கோப்பை கழுவத் தொடங்கினார். அது கழுவின கோப்பை.

அடுத்த வருடம் ஹெர் ரைஸ்மான் வெளியே வரவில்லை. கடதாசி விரிந்ததும் எழுந்தார். முன்னுக்குப் போய், மேசைக்குப் பக்கத்தில், திருத்துபவர் நிற்கும் இடத்தில் நின்றார். பிரார்த்தனைக்கு அப்படி ஒருவர் நிற்கும் வழக்கம் இல்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. நான் வேலையை விட்ட வருடம்வரை அவர் அங்கேதான் நின்றார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாருக்காவது சொல்வதென்றால் நான் சொன்ன அளவில் சொல்லுங்கள். அவர் அழுதார் என்று சேர்க்க வேண்டாம், அழவில்லை. மனம் மாறிவிட்டேன் என்று சொன்னார் என்றும் சேர்க்க வேண்டாம், ஒருநாளும் சொல்லவில்லை. பாடலாம் என்கிறவர்களும் பாடக்கூடாது என்கிறவர்களும் அவரைத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டாம். விழுந்த வரியை எடுத்துக் கொடுத்தார், பிறகு பக்கத்தில் நின்றார். நான் கண்டது அவ்வளவுதான்.